பெல்ட் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது

மகேந்திரா,

இந்தக் கடிதத்தோடு நீ கேட்ட பெல்ட்டும் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது நான் பாதியில் போனை வைத்துவிட்டேன். சோறு பொங்கி வழிகிறது என்று சொன்னேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை. வேலை நிச்சயமான சந்தோஷத்தில் நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். வங்கிப் பணம் கொண்டு போகிற வண்டியில் காவல் வேலை என்றாய். பயிற்சி முடிந்தது, இனி இடுப்பில் கைத்துப்பாக்கி கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாய். அதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான், மனதைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் கடைசியில் நீ சொன்னாயே, "துப்பாக்கியும் உறையும் கம்பெனி குடுக்குதும்மா, பெல்ட் மட்டும் நாங்களே வாங்கிக்கணுமாம். கறுப்பா இருந்தா போதுமாம். கடைத்தெருவுல மலிவா ஒண்ணு பார்த்து அனுப்புங்க" என்று. அந்தப் பேச்சைக் கேட்டதும்தான் போனை வைத்தேன். இதே வார்த்தையை இதே வீட்டில் உன் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். பெல்ட் மட்டும் நம்ம பொறுப்பாம், கறுப்பு நிறமா இருந்தா போதுமாம் என்று.

அப்பா செத்த அன்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய். சிவா மாமா ஏன் வீட்டுக்குள் வராமல் ரோட்டிலேயே நிற்கிறார் என்று கேட்டாய். அவனுக்குக் கால் வலி, படி ஏற முடியாது என்று சமாளித்தேன். அப்பா ஏன் காவல் வேலையை விட்டு யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கப் போனார் என்று சின்ன வயதில் கேட்டபோது, கம்பெனி ஆட்களைக் குறைத்துவிட்டது என்று சொன்னேன். இரண்டும் பொய். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். போனில் இதையெல்லாம் பேச எனக்கு வராது. நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வேலைக்குப் போகும் முன் ஒருமுறை முழுதாகப் படி.

உன் அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அரநாயக்கப் பக்கத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். முதலில் எல்லோரையும் போல ரப்பர் மரத்தில் பால் வெட்டத்தான் போனார். நல்ல உயரம், சிங்களம் சிங்களவர் போலவே பேசுவார். தோட்டத்தை நடத்துகிற துரையோடு கூடவே போகவும், சம்பளப் பணம் வருகிற நாளில் ஜீப்பில் உட்கார்ந்து வரவும் ஒரு காவல் கம்பெனி ஆள் தேடியபோது இவரை எடுத்தார்கள். சீருடை போட்டு அவர் நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று உன் சிவா மாமா கைதட்டினான். என் தம்பிக்கும் உன் அப்பாவுக்கும் அப்படி ஒரு ஒட்டு. மச்சான் என்று கூப்பிட்டாலும் கூடப்பிறந்த அண்ணன் போலத்தான் நினைத்தான். அப்பாவின் சப்பாத்தை அவன்தான் பொலிஷ் போட்டுக் கொடுப்பான். நான் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் அங்கேதான் என் காலைச் சுற்றிக்கொண்டு கிடப்பாய். சாயங்காலம் அப்பா வந்து உன்னைத் தூக்கும்போது எப்போதும் இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்வார், வலது பக்கம் துப்பாக்கி தொங்கிய பக்கம். துப்பாக்கியைக் கழற்றி ஆபீசில் கொடுத்துவிட்டு வந்த பிறகும் அந்தப் பக்கம் உன்னை வைக்க மாட்டார். அங்கே தோல் கன்றிப்போய் நீலமாக இருக்கும்.

அந்தக் கன்றலைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது, துப்பாக்கி கட்டுகிற பெல்ட்டும் கால்சட்டை நழுவாமல் கட்டுகிற பெல்ட்டும் வேறு வேறு என்று. கால்சட்டை பெல்ட்டை இடுப்பைச் சுற்றி ஒரே சீராக இழுக்கும். துப்பாக்கி அப்படி இல்லை, பாரம் முழுவதும் ஒரே இடத்தில் தொங்கும். பெல்ட் மெல்லியதாக இருந்தால் அந்த இடம் வெளிப்பக்கமாக மடங்கும், உறை சரிந்து உடம்பை விட்டு விலகி நிற்கும். நடக்கும்போது இடிக்கும், உட்காரும்போது குத்தும். அப்பா நாலு எட்டு வைத்தால் ஒருதரம் கால்சட்டையைத் தூக்கிவிடுவார். மாரியம்மன் கோவில் திருவிழாவில் சாதாரண உடுப்பில் நிற்கும்போதுகூட அவர் கை தானாக வலது இடுப்புக்குப் போகும். பிள்ளைகள் அதைப் பார்த்து நடித்துக் காட்டிச் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

அவர் வாங்கிய பெல்ட் பஸ் நிறுத்தத்தில் தரையில் விரித்து விற்றது. பார்க்கத் தோல் போலவே இருந்தது. மேலே ரெக்சின், உள்ளே அட்டை. நம் ஊர் மழை உனக்குத் தெரியும். அதில் நனைந்து வந்ததும் துணிகளோடு சேர்த்து அடுப்புக்கு மேலே கம்பியில் போடுவார். நனைந்து நனைந்து காய்ந்ததில் பக்கிள் மடிகிற இடத்தில் வெடிப்பு விட்டது. ஓட்டை முட்டை மாதிரி நீண்டுபோனது. அடுத்த ஓட்டைக்கு மாற்றிக்கொண்டார். சம்பளம் வந்ததும் நல்லதாக ஒன்று வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் வேலைநிறுத்தம் வந்துவிட்டது.

சம்பள உயர்வு கேட்டு எல்லாத் தோட்டத்திலும் ஆட்கள் வேலைக்கு இறங்காமல் இருந்த நேரம் அது. எங்கள் தோட்டத்தில் ஆபீசுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்திருந்தேன், உன்னை மடியில் வைத்துக்கொண்டு. சிவா எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தான். கல் எறியவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, கொட்டுகிற மழையில் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். துரை டவுனுக்குப் போக வேண்டும் என்று ஜீப்பைக் கிளப்பச் சொன்னார். அப்பா இறங்கி முன்னால் நடந்து வந்து, வழி விடும்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். எல்லோரும் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள். சிலர் எழுந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று பார்க்க முன்னால் வந்தார்கள். சேற்றில் யாரோ வழுக்கி அப்பா மேல் சாய, அவர் அந்த ஆளைத் தாங்கிப் பிடிக்கக் குனிந்தார். அப்போதுதான் பெல்ட் பக்கிளுக்குப் பக்கத்தில் அறுந்தது. உறையோடு துப்பாக்கி சேற்றில் விழுந்தது.

அதை நான் என் கண்ணால் பார்த்தேன் மகேந்திரா. சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும்தான். சிவாவின் காலடியில்தான் கிடந்தது. அவன் குனிந்து உறையைப் பிடித்துத் தூக்கினான். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் சேற்றைத் துடைத்தான். அப்பாவிடம் நீட்டினான். "இந்தாங்க மச்சான், பத்திரம்" என்றான். அப்பா வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஜீப் திரும்பிப் போய்விட்டது, நாங்களும் வீட்டுக்கு வந்துவிட்டோம். சிவா அன்றைக்கு நம் வீட்டில்தான் ரொட்டி சாப்பிட்டான்.

ஆபீஸ் பக்கமிருந்து யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் சிவாவின் கையில் துப்பாக்கி இருக்கிறது, அப்பாவின் கை அதை நோக்கி நீண்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது இழுபறி. பொழுது சாய்வதற்குள் பொலிஸ் வந்து சிவாவைக் கூட்டிக்கொண்டு போனது. காவலாளியின் ஆயுதத்தைப் பறிக்கப் பார்த்தான் என்று குற்றம். அப்பாவிடம் வாக்குமூலம் எடுக்கும் முன் காவல் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அவரோடு தனியாகப் பேசினார். பறித்தார்கள் என்றால் உன் மேல் தப்பில்லை, பெல்ட் அறுந்து விழுந்தது என்றால் உன் கவனக்குறைவு, வேலை போகும், உன் மேலேயே வழக்கும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார். பறித்தான் என்று அப்பா பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. எப்படிக் கழன்றது என்று எனக்குத் தெரியாது, நெரிசலில் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு 'தெரியாது' என்ற சொல்லுக்குத்தான் என் தம்பி விளக்கமறியல் சிறையில் கிடந்தான்.

அந்த நேரம் சிவாவுக்குக் கட்டாரில் வேலை சரியாகியிருந்தது. மெடிக்கல் முடிந்து, பாஸ்போர்ட்டும் கையில் இருந்தது. அவன் பெட்டிகூட வாங்கிவிட்டான். பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் அவனைப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் கட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மச்சானுக்குத் தெரியும்க்கா. என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டேதான் வாங்கினாரு" என்று மட்டும் சொன்னான். அதையே மறுபடியும் சொன்னான். நான் திரும்பி வருகிற பஸ்ஸில் கேகாலையிலிருந்து வீடு வரைக்கும் அந்தப் பேச்சுத்தான் காதில் இருந்தது.

வீட்டில் உன் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். புதுப் பெல்ட் ஒன்று கட்டியிருந்தார், கம்பெனியே அவசரமாக வாங்கிக் கொடுத்திருந்தது. அறுந்த பெல்ட் வெளிக் கொட்டிலில் விறகுக்குப் பின்னால் கிடந்தது. அதை அவர் எரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. ஒரு நாள் காலையில் நான் அதை எடுத்து வந்து அவர் முன்னால் ஒரு சீலைப் பையில் போட்டேன். சண்டை போடவில்லை. "நான் இதைக் கொண்டுபோய் பொலிஸ்ல குடுக்கப் போறேங்க. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். அறுந்ததைப் பார்த்தேன்னு சொல்லப் போறேன். நீங்க தடுத்தாலும் போவேன்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் என்ன செய்வது, மனுசன் என்னை விட்டுப் போய்விட்டால் உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் பிறகு எழுந்து முகம் கழுவினார். சீருடையைப் போடாமல், கோவிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டார். "நீ சொன்னா அக்கா தம்பிக்காகப் பேசுறான்னு சொல்வாங்க. நான்தான் சொல்லணும்" என்று பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பொலிஸ் நிலையத்தில் பெரிய அதிகாரி முன்னால் உன் அப்பா அந்தப் பெல்ட்டை மேசையில் வைத்தார். "பெல்ட் எக்க கெடுணா, சேர். எயா எத்தே நே" என்று சிங்களத்தில் சொன்னார். பெல்ட்தான் அறுந்தது, அவன் இழுக்கவில்லை என்று. வெடிப்பு எங்கே விட்டது, எப்படிக் காய வைத்தோம், ஓட்டை எப்படி நீண்டது என்று ஒன்று விடாமல் சொன்னார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டபோது, வேலைக்காகத்தான் என்று சொன்னார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பெருமையும் அவ்வளவு துக்கமும் ஒன்றாக எனக்கு வந்ததில்லை.

அதற்குப் பிறகு வழக்கு மெல்ல மெல்லக் கரைந்தது. சிவா வெளியே வந்தான். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது கட்டார் வேலைக்கு வேறு ஆள் போயிருந்தான். மறுபடி கேட்ட இடமெல்லாம் பொலிஸ் சான்றிதழில் தடங்கல் வந்தது. பால் வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கே திரும்பிப் போனான், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். அப்பாவுக்கு வேலை போனது. மூட்டை தூக்கப் போனார். அவர் அதற்காக ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் சிவா அவரோடு பேசவில்லை. துப்பாக்கியை எடுத்துக் கொடுத்ததற்காக உள்ளே போனதைக்கூட அவன் மறந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது என்று சொன்னதை அவனால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா பலகாரத் தட்டோடு சிவா இருக்கிற கீழ் லயத்துக்குப் போவார். சிவா பின்கதவால் போய்விடுவான். அவன் பெண்சாதி தட்டை வாங்கி வைத்துக்கொள்வாள். இவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

கடைத்தெருவில் வேலை செய்த காலத்தில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. தோல் சாமான் கடை எதைப் பார்த்தாலும் நின்று பெல்ட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார். வாங்க மாட்டார், அவர் சாரம்தான் கட்டினார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பார். ஆனால் ராத்திரிச் சோறு சாப்பிடும்போது தன்பாட்டுக்குச் சொல்வார். அதனால்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இரண்டு தோல் பட்டைகள் சேர்த்து ஓரம் முழுக்கத் தைத்ததாக இருக்க வேண்டும், ஒட்டினது மட்டும் ஆகாது, மழையில் விட்டுப்போகும். நீளவாக்கில் முறுக்கிப் பார்த்தால் சுலபமாகத் திரும்பக் கூடாது. நடுவில் பிடித்தால் இரண்டு பக்கமும் துணி மாதிரி தொங்கக் கூடாது. அகலம் கால்சட்டையில் பெல்ட் நுழைகிற காதுகளுக்குச் சரியாக நிரம்ப வேண்டும், துப்பாக்கி உறையின் பின்பக்கத்துக் காதுக்கும் அதே அகலம் இருக்க வேண்டும், ஒடுங்கியதாக இருந்தால் உறை முன்னும் பின்னும் நகரும். பக்கிள் கனமாக, திருகாணியிலோ தையலிலோ நிற்க வேண்டும், அழுத்தி மாட்டுகிற பித்தான் வேண்டாம். உறையைக் கட்டிக்கொண்டு இடுப்பை அளந்து, நடு ஓட்டையில் பூட்டுகிற மாதிரி வாங்க வேண்டும். நனைந்தால் நிழலில் காய வைக்க வேண்டும், அடுப்புப் பக்கம் போகவே கூடாது. மாதத்தில் ஒருநாளாவது பக்கிள் மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு கண்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும், சம்பளம் வரட்டும் என்று இருக்கக் கூடாது.

நெஞ்சு வலி வந்து அவரைக் கொண்டுபோன நாளிலும் சிவா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சாவுக்கு வந்து ரோட்டில் நின்றதை நீ பார்த்தாய். பாடை அவனைத் தாண்டிப் போகும்போது அவன் தலையில் கட்டியிருந்த துவாய்த் துண்டை அவிழ்த்தான். பிறகு கடைசியாகக் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வந்தான். அதை நீ பார்க்கவில்லை, நீ முன்னால் கொள்ளிச்சட்டியோடு போனாய்.

நீ போன் பேசியதற்கு மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் சிவாவைக் கண்டேன். உனக்கு இந்த வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். இடுப்பில் துப்பாக்கி கட்டுகிற வேலை என்றேன். அவன் வாளியை நிரப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. வியாழக்கிழமை பால் வெட்டு முடிந்து, நான் பிள்ளைக் காம்பராவைப் பூட்டுகிற நேரம் வந்து நின்றான். குளித்து, சட்டை மாற்றியிருந்தான். "பையனுக்கு இடுப்பு எத்தனைக்கா?" என்று கேட்டான். நான் சொன்னேன். "வாங்க, கடைக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றான்.

யட்டியாந்தோட்டையில் ஒரு கடையும் விடவில்லை. ஒவ்வொரு பெல்ட்டையும் எடுத்து முறுக்கினான், ஓரத் தையலை நகத்தால் கீறிப் பார்த்தான், பக்கிளைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்தான். இதெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் இத்தனை வருஷம் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று தெரிந்தது. கடைக்காரர் அலுத்துப்போய், தம்பி, மாட்டைக் கட்டவா வாங்கப் போறீங்க என்றார். சிவா சிரிக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி ரோட்டுக் கடை ஒன்றில் இதைக் கண்டுபிடித்தான். தடித்த தோல், பித்தளைப் பக்கிள். தன் இடுப்பில் கட்டி, ஒரு கனமான பூட்டை வாங்கி அதில் தொங்கவிட்டு, கடைக்குள்ளேயே குனிந்து நிமிர்ந்து நடந்து பார்த்தான். பிறகுதான் சரி என்றான். முதலில் விறைப்பாக இருக்கும், வீட்டில் இருக்கும்போது கட்டிக் கட்டிப் பழக்கு.

மகேந்திரா, இந்த வேலைக்குப் போகாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வேறு என்ன வேலை இருக்கிறது என்று நீ கேட்டால், பால் வெட்டுவதும் மூட்டை தூக்குவதும்தான் இங்கே இருக்கிறது. போய் வா. யாராவது உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படிச் சொன்னால் உனக்கு நல்லது என்று சொன்னால், அப்பாவின் வெள்ளைச் சட்டையை நினைத்துக்கொள். அவர் கொஞ்சம் பிந்தித்தான் அதைப் போட்டார். நீ பிந்தாதே.

திரும்பி வருகிற பஸ்ஸில் சிவா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், பார்சல் அவன் மடியில் இருந்தது. அப்பாவைப் பற்றி ஏதாவது பேசுவான், மனது இளகியிருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். பேசவில்லை. நம் தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது பார்சலை என்னிடம் தந்தான். "அவன்கிட்ட ஒண்ணு மட்டும் எழுதுங்கக்கா. என்னைக்காவது கீழ விழுந்துச்சுன்னா, அவனே குனிஞ்சு எடுக்கட்டும். பக்கத்துல நிக்கிற யாரையும் எடுக்க விட்றாம பார்த்துக்கச் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டு மழையில் இறங்கிக் கீழ் லயத்துப் பக்கம் நடந்தான்.

அம்மா